பீட்ஸாவும் பொங்கும்

இந்த ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் மேடையில் பேசும்போது, "இட்லியை ஒதுக்கிவிட்டுப் பீட்ஸாவுக்கு ஏங்குகிற பிள்ளைகளுக்குத் தமிழ் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் முழு மனதோடு தட்ட முடியவில்லை. முதல் நாள் இரவுதான் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நான் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெட்டிகள் எங்கள் சமையலறைக் குப்பைக் கூடையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தன.

பெரியவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் கவலையும் நியாயமானதே. ஆனால் குற்றவாளி யார் என்பதில்தான் அவர் தவறிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டு நிலவரம். 2001-இல் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தவன் நான். மயூர் விகாரில் குடியிருக்கிறோம். மகளுக்கு வயது 16, மகனுக்கு 11. இருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இருவரையும் தவறாமல் அனுப்பினோம். மகள் திருக்குறள் ஒப்புவித்துப் பரிசு கூட வாங்கியிருக்கிறாள். பத்துக் குறளைத் தங்குதடையின்றிச் சொல்பவளுக்கு, வயிறு வலிக்கிறது என்று தன் அப்பத்தாவிடம் தமிழில் சொல்லத் தயக்கம். தம்பியிடம் பேசுவது இந்தி. என்னிடம் பேசுவது பாதி ஆங்கிலம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் காலமான பிறகு, மேலூரில் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவர், இங்கே நான்காவது மாடிப் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு கீழே போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேரப் பிள்ளைகளோடு அவருக்கு நடந்த உரையாடல் முழுவதையும் இங்கே எழுதிவிடலாம். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "பள்ளிக்கூடம் உண்டா?" "உண்டு." அவ்வளவுதான். அன்பில் குறைவில்லை. பேசுவதற்குச் சரக்குதான் இல்லை.

பொங்கல் விழா முடிந்து அடுத்த ஞாயிறு. பிள்ளைகள் மறுபடியும் பீட்ஸா கேட்டார்கள். பெரியவர் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு வீம்பு. "கடையில் வாங்க வேண்டாம். வீட்டிலேயே செய்வோம். நாம் மூன்று பேரும்" என்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளைப் பிறகு சொல்கிறேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் மொசரெல்லா சீஸ், ஈஸ்ட், ஒரு கட்டு பேசில் இலை எல்லாம் வாங்கி வந்தோம். பகல் இரண்டு மணிக்கு மைதாவில் ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து மாவு பிசைந்து மூடி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும் என்று மகள் எங்கோ படித்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாவு வைத்தது வைத்தபடியே கல்லுப் பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. மகன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது செத்துப்போச்சு. ஆர்டர் பண்ணிடலாம்" என்றான்.

அப்போதுதான் பால்கனியிலிருந்து அம்மா உள்ளே வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "இது புளிக்கிற மாவுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பச்சத் தண்ணியிலயா பிசைஞ்சீங்க? இந்தக் குளிருக்கு இட்லி மாவே எந்திரிக்க மாட்டேங்குது. இது மட்டும் எந்திரிச்சிருமா?"

அன்பர்களே, தில்லியில் ஜனவரி மாதக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி வைக்காத தமிழ்க் குடும்பம் தில்லியில் உண்டா? இருந்தும் அந்த அறிவைப் பீட்ஸா மாவுக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இட்லி மாவைப் புளிக்க வைப்பவை காற்றிலும் அரிசியிலும் உளுந்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள். பீட்ஸா மாவில் நாமாகவே போடுகிறோம், ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை. இரண்டிலும் அவை மாவைத் தின்று கரியமில வாயுவை வெளிவிட, அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. இரண்டுக்குமே வெதுவெதுப்பு வேண்டும். குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, சோம்பிக் கிடக்கிறது. மிகச் சூடான நீரை ஊற்றினால்தான் செத்துப்போகும்.

அம்மா பெரிய சட்டி ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடச் சொன்னார். மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, மேலே தன் சால்வையைப் போர்த்தினார். "இனி யாரும் திறக்கக் கூடாது" என்று பேரனுக்கு உத்தரவு. ஒன்றரை மணி நேரம் கழித்து அவரே திறந்தார். மாவு விளிம்பு வரைக்கும் வந்து மூடியை முட்டிக்கொண்டிருந்தது. "பாரு, பொங்கிருச்சு" என்றார்.

மகன் சற்று நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பத்தா, பொங்கல்னா இதுதானா?" என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. 11 ஆண்டுகளாகப் பொங்கல் கொண்டாடியவன். ஒவ்வொரு ஆண்டும் நம் சங்கத்து விழாவில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியவன். அவனுக்கு அது தீபாவளி, ஹோலி போல ஒரு பண்டிகையின் பெயர், அவ்வளவே. பொங்குவது என்று ஒரு வினை உண்டு, அதிலிருந்து வந்த பெயர் அது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பார்க்க எங்கள் வீட்டில் எதுவும் பொங்கியதில்லை. குக்கர் விசில் அடிக்கும், அவ்வளவுதான். வகுப்பில் ஆசிரியை சொல்லிக் கொடுத்துத்தான் இருப்பார். காதில் விழுந்ததே தவிர, கண்ணில் படவில்லை.

அன்று மாலை முழுவதும் அம்மாவின் ராஜ்யந்தான். மாவை மகன் வெறுமனே கலந்துகொண்டிருந்தபோது, "கலக்காதே, உள்ளங்கையை வச்சு அழுத்திப் பிசை" என்றார். பூண்டை உரிக்கவும் நசுக்கவும் மகளுக்குக் கட்டளை. இரண்டு பிள்ளைகளும் கத்தி எடுத்துச் செய்யும் எல்லா வேலைக்கும் "கட் பண்ணு" என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். அம்மாவோ வெங்காயத்தைப் பொடியாக அரியச் சொன்னார். குடமிளகாயை நீளவாக்கில் நறுக்கச் சொன்னார். சீஸ் கட்டியைத் தேங்காய் துருவுவது போலத் துருவச் சொன்னார். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோல் நீக்கி, பூண்டோடு வதக்கி, "நல்லா சுண்டட்டும்" என்றார். "சுண்டட்டும்னா என்ன, அப்பா?" என்று மகள் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த மற்ற இரண்டு மொழிகளிலும் எனக்குச் சட்டென்று சொல் வரவில்லை. அடுப்பருகே கூட்டிப் போய்க் காட்டினேன். மாவை உருட்டு, தட்டு என்றார். இலையைக் கத்தி வைக்காமல் கிள்ளிப் போடு என்றார். ஓவனில் தள்ளும்போது மாவு பலகையில் ஒட்டிக்கொண்டு என் முதல் பீட்ஸா இரண்டாக மடிந்து விழுந்ததும், "அடியில ரவையைத் தூவுங்க" என்றார். தூவினோம். இரண்டாவது வழுக்கிக்கொண்டு போயிற்று. இத்தாலியர்களும் அப்படித்தான் ரவை தூவுவார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இரவு படுத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். பிசை, உரி, நசுக்கு, அரி, நறுக்கு, துருவு, வதக்கு, சுண்டவிடு, உருட்டு, தட்டு, கிள்ளு, தூவு. பன்னிரண்டு வினைச் சொற்கள். எதையும் யாரும் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. கை செய்ததைக் காது கேட்டுக்கொண்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பேசில் இலையை முகர்ந்து பார்த்த அம்மா, "அட, திருநீத்துப் பச்சிலை!" என்றார். ஆம், துளசிக்கு நெருங்கிய உறவான அதே செடிதான். நாம் சர்பத்தில் ஊறப் போடும் சப்ஜா விதையும் அதனுடையதே. கடைக்காரர்கள் தரும் ஒரிகானோப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினோம். "கற்பூரவல்லி வாசம் அடிக்குது" என்றார். அதுவும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு செடிகளானாலும் இரண்டின் எண்ணெயிலும் ஒரே வகை வாசனைப் பொருள்கள் உண்டு. ஆங்கிலத்தில் கற்பூரவல்லிக்கே கியூபா ஒரிகானோ என்று ஒரு பெயர் இருக்கிறது. பிள்ளைகள் தங்களுக்கு மட்டுமே தெரிந்தது என்று நினைத்திருந்த அந்நியப் பண்டத்தில், அப்பத்தாவுக்கு இரண்டு பேர் தெரிந்தவர்களாக இருந்தார்கள்!

நமக்கு இது அந்நியப் பண்டம் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் தாயகம் இத்தாலியின் நேப்பிள்ஸ். அதன் மேல் பூசும் தக்காளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. அதே நூற்றாண்டில் அதே கண்டத்து மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மிளகாய் இல்லாமல் இன்று நம் வீட்டுக் குழம்பு இல்லை. பிழைப்புத் தேடி நியூயார்க் போன தென் இத்தாலியக் குடும்பங்கள் இந்த ரொட்டியையும் உடன் கொண்டு போயின. அங்கே 1905-இல் லொம்பார்டி கடையில் விற்பனை தொடங்கியது என்பார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் ஊர் நினைவாகச் சுட்ட ரொட்டிதான் உலகத்தைச் சுற்றி, 1996-இல் பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் பெயரில் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே கன்னாட் பிளேஸ் நிருலாஸில் சாப்பிட்டவர்கள் நம்மிடையே உண்டு. நேப்பிள்ஸ்காரர்களின் பீட்ஸா சுடும் கலையை யுனெஸ்கோ 2017-இல் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அது மாவைக் கையால் விரிக்கும், அடுப்பைப் பக்குவம் பார்க்கும் கைத்திறனுக்குக் கிடைத்த மரியாதை. அட்டைப் பெட்டிக்குக் கிடைத்ததன்று.

என் கட்சி இதுதான். பிள்ளைகளிடமிருந்து தமிழைப் பறித்தது பீட்ஸா அல்ல. வீட்டில் எல்லாரும் சேர்ந்து கையால் செய்யும் வேலை குறைந்துபோனதுதான். இட்லி மாவையும் பாக்கெட்டில் வாங்கி, ஊற்றி, வெந்ததும் தட்டில் வைத்து, தட்டைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த இட்லியில் தமிழ் எங்கே இருக்கிறது? அது வெள்ளை நிறத்தில் ஒரு பீட்ஸா, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஆசை உள்ள பண்டத்தை அப்பத்தாவோடு சேர்ந்து செய்தால், அதன் வழியாக மொழி தானாக உள்ளே வருகிறது. வடையில் ஆசை இல்லாத பிள்ளையை வடை சுட அழைத்தால் அது தண்டனை. பீட்ஸாவுக்கு அழைத்தால் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருகிறது.

இதில் எனக்கும் ஒரு குட்டு உண்டு. மனைவியின் பார்வையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள்: "என்னங்க, நீங்க எல்லாரும் சேர்ந்து சமைச்சா எனக்கு ரெண்டு மடங்கு வேலை." தொட்டியைப் பார்த்தேன். 17 பாத்திரங்கள். மேடையெல்லாம் மைதா. ஆறு நாள் அலுவலகம் போய்வருகிறவள், ஏழாம் நாள் எங்கள் குதூகலத்தைக் கழுவ வேண்டுமா? குடும்பமே கூடிச் சமைப்பது என்பது பல வீடுகளில் இப்படித்தான் முடிகிறது. ஆண்கள் அழகாக மாவு தூவுவோம், பெண்கள் துடைப்பார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: பீட்ஸா நாளில் அவள் அடுக்களைக்குள் வரக் கூடாது. கழுவுவது நானும் மகனும். இந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்க முடியாத ஆண்கள் தயவுசெய்து கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு ஆட்சேபங்களும் எனக்குத் தெரியும். மைதா உடம்புக்கு நல்லதா? இல்லை. வீட்டில் செய்தால் மட்டும் அது மருந்தாகிவிடாது. ஆகவே மாதம் ஒரு முறை போதும். நேரம் பிடிக்குமே? பிடிக்கும். நேரம் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே செய்கிறோம்? மாவு பொங்கும் வரை வேறு வழியில்லாமல் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் என் தந்தையார் ஒரு முறை கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் வைக்கப் போய்ப் பானையை உடைத்த கதையை அம்மா சொன்னார். எனக்கே அது புதுக் கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புரியாத சொல்லை நிறுத்திக் கேட்டார்கள். அப்பா போன பிறகு அம்மா அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

முயன்று பார்க்க விரும்புவோருக்காக எங்கள் கணக்கு: அரைக் கிலோ மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். பத்து அங்குல அகலத்தில் மூன்று வரும். சிறிய மேசை ஓவனில் 250 டிகிரிக்கு மேல் ஏறாது. நேப்பிள்ஸ் விறகடுப்போ 450 டிகிரியைத் தொடும். அங்கே ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட எங்கள் உபாயம், ஊரிலிருந்து வந்த கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல். அதை ஓவனுக்குள் வைத்து அரை மணி நேரம் காய விட்டு, அதன் மேல் பீட்ஸாவைத் தள்ளினால் எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் அடி முறுகலாக வரும். ஓவன் இல்லாவிட்டால் அதே கல்லை அடுப்பில் வைத்து, மாவை ஒரு பக்கம் வாட்டித் திருப்பி, மேலே எல்லாவற்றையும் பரப்பி, மூடி போட்டுச் சிறு தீயில் சீஸ் உருகும் வரை விடுங்கள். சைவர்கள் சீஸ் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். அம்மாவுக்குப் பீட்ஸா பிடிக்கவில்லை. "ரப்பர் மாதிரி இழுக்குதுப்பா" என்று அரைத் துண்டோடு நிறுத்திக்கொண்டு மோர்ச் சோறு சாப்பிட்டார். மகள் இன்னமும் தோழிகளோடு இந்தியில்தான் பேசுகிறாள். ஆனால் மகன் இப்போது பள்ளியிலிருந்து வந்ததும் பால்கனிக்குப் போய் அக்காவைப் பற்றிய புகார்களையெல்லாம் அப்பத்தாவிடம் அடுக்குகிறான். நீதிபதிக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் வழக்கும் தமிழில்தான் நடக்கிறது. அக்காவும் எதிர்வாதத்தைத் தமிழில் வைக்க வேண்டியிருக்கிறது. இலக்கணம் கொஞ்சம் நொண்டுகிறது. பரவாயில்லை.

நம் சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கரும்பலகைக்குப் பதிலாக ஓர் அடுப்பை வைப்போம். எந்தப் பண்டம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டிகளையும் தாத்தாக்களையும் அன்றைக்கு ஆசிரியர்களாக அழைப்போம். மேடையில் கேள்வி கேட்ட பெரியவர் அவசியம் வர வேண்டும். அவருக்குத் தெரிந்த சொற்கள் எனக்குத் தெரியாது. மாவு பிசையவும் பாத்திரம் கழுவவும் நானும் என் மகனும் தயார்.